தாமாகவே புரோகிராமிங் கற்பவர்களுக்கு: எந்தப் புத்தகம், எந்த வரிசையில், எப்படி

தாமாகப் புரோகிராமிங் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களுக்கு நல்ல புத்தகம் கிடைக்காமல் போவது அரிது. ஒரே நேரத்தில் நான்கைந்தைத் திறந்து வைத்து, எல்லாவற்றிலும் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். தொடக்கநிலைப் புத்தகங்கள் எதை எடுத்தாலும் முதல் சில அத்தியாயங்கள் ‘மாறி’ (மதிப்பைப் பிடித்துவைக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்று ஒன்றையேதான் சொல்லும். அதையே புத்தகம் மாற்றி மாற்றிப் படிக்கும்போது எல்லாம் புரிவது போல இருக்கும், ஆனால் கை பழகியிருக்காது.

அதனால் முதல் புத்தகம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதைக் கடைசி வரை வேலை செய்து முடியுங்கள். முடித்தபின் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்களோ, அந்த இடம்தான் இரண்டாம் புத்தகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

முதல் புத்தகம்

எந்த மொழி என்ற விவாதத்தில் வாரக்கணக்கில் நேரத்தை விட வேண்டாம். பிரவுசரில் இயங்கும் பக்கங்களைச் செய்வதே குறிக்கோள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். வேறு எதுவாக இருந்தாலும், குறிக்கோளே இன்னும் தெளிவாகாவிட்டாலும், பைதான். சி, ஜாவா போன்றவை நல்ல மொழிகளே. ஆனால் முதல் நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவற்றில் தெரிந்துகொள்ள வேண்டிய சடங்குகள் அதிகம்.

பைதானுக்கு மூன்று புத்தகங்கள் நம்பி எடுக்கத் தக்கவை. மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கு.

அல் ஸ்வைகார்ட் எழுதிய ‘ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைதான்’ 2015இல் வந்தது. 2019இல் இரண்டாம் பதிப்பும் 2025இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. ஆசிரியரின் இணையதளத்தில் இதை இலவசமாகவே படிக்கலாம். முதல் பாதி மொழியின் அடிப்படை. இரண்டாம் பாதி எக்செல் கோப்புகளைத் திருத்துவது, நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றுவது, பிடிஎஃபிலிருந்து எழுத்தை எடுப்பது என்று நேரடிப் பயன்பாடு. அன்றாடம் கணினியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். படித்த வாரமே பயன்படுத்த ஒரு காரணம் இருந்தால் புத்தகம் பாதியில் நிற்காது. இதில் ஒரு குறை உண்டு: பெரிய நிரலை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்பதை இது அதிகம் தொடுவதில்லை.

எரிக் மாத்தெஸின் ‘பைதான் கிராஷ் கோர்ஸ்’ அந்தக் குறையைத் தீர்க்கிறது. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில் 20 அத்தியாயங்கள். முதல் 11 அடிப்படை, மீதி 9 மூன்று புராஜெக்ட்டுகள்: ஒரு விண்வெளி விளையாட்டு, தரவை வரைபடமாக்குவது, ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பில் ஒரு இணையச் செயலி. மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல, பிடித்ததிலிருந்து தொடங்கலாம். விளையாட்டுக்குப் பைகேம் என்ற லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த, நம் நிரலில் பயன்படுத்திக்கொள்ளும் நிரல்தொகுப்பு) வேண்டும். அன்றைக்கு வெளியான புத்தம்புதிய பைதானை நிறுவியவர்களுக்கு இது சில சமயம் நிறுவப்படாமல் நீளமான சிவப்புப் பிழைகளைக் கொட்டும். அந்தப் பைதான் பதிப்புக்கான பைகேம் இன்னும் வந்திருக்காது என்பதே காரணம். ஒரு பதிப்பு பழைய பைதானை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆலன் டௌனியின் ‘திங்க் பைதான்’ மெல்லிய புத்தகம், ஆனால் எளிய புத்தகம் அல்ல. கணினி அறிவியலாகவே கற்க விரும்புபவர்களுக்கு ஏற்றது. இதுவும் இணையத்தில் இலவசம். 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு முழுவதும், விளக்கமும் ஓட்டக்கூடிய நிரலும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஜுபிட்டர் நோட்புக்காகக் கிடைக்கிறது. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓட்டலாம் என்பதால் தாங்கள் பயன்படுத்தும் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகிறவர்களுக்கு மரைன் ஹாவர்பெக்கின் ‘எலோக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்’ உண்டு. நான்காம் பதிப்பு 2024இல் வந்தது, இணையத்தில் இலவசம். அருமையான எழுத்து. ஆனால் இதன் ஏற்றம் சீரானது அல்ல என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முதல் நான்கு அத்தியாயங்கள் சமாளிக்கத் தக்கவை. ஐந்தாவதில் ஃபங்ஷனையே (பெயர் வைத்துத் திரும்ப அழைக்கும் நிரல் துண்டு) இன்னொரு ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுப்பது வரும், ஆறாவதில் ஆப்ஜெக்ட் (தரவையும் அதன் செயல்களையும் சேர்த்துக் கட்டியது). அங்கே திடீரென்று செங்குத்தாகிவிடும். பலர் தங்களுக்கு மூளை போதவில்லை என்று நினைத்து மூடிவைப்பது இந்த இடத்தில்தான். அந்த இரண்டுக்கும் மற்ற அத்தியாயங்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’ என்ற புத்தகத்தையும் சொல்லாமல் விட முடியாது. நான்கு பேராசிரியர்கள் சேர்ந்து எழுதியது, இரண்டாம் பதிப்பு 2018இல் வந்தது, இணையத்தில் இலவசம். ராக்கெட் என்ற மொழியின் சுருக்கிய வடிவங்களைப் பயன்படுத்துகிறது. இதன் பலம் மொழியில் இல்லை, முறையில் இருக்கிறது. எந்தச் சிக்கலையும் ஆறு படிகளாக அணுக வைக்கும்: தரவு என்ன வடிவம், ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும், மாதிரி உள்ளீடும் விடையும், ஃபங்ஷனின் எலும்புக்கூடு, பிறகு நிரல், கடைசியில் சோதனை. “படிக்கும்போது புரிகிறது, வெற்றுத் திரையைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை” என்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. வேலைவாய்ப்புக்காக அவசரமாகக் கற்பவர்களுக்கு இது பொருந்தாது.

எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

பழைய பதிப்புகள் இலவசமாகவும் மலிவாகவும் கைக்கு வரும். எடுப்பதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பைதான் புத்தகம் என்றால் இன்னும் ஒரு சோதனை: பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா? இல்லையென்றால் அது பைதான் 2. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிரிண்ட் பிழை உடனே தெரிந்துவிடும், அதனால் பெரிய ஆபத்து இல்லை. தெரியாமல் வருவதுதான் ஆபத்து: 7ஐ 2ஆல் வகுத்தால் பைதான் 2 தருவது 3, பைதான் 3 தருவது 3.5. பிழைச் செய்தி எதுவும் வராமல் விடை மட்டும் புத்தகத்தோடு பொருந்தாது.

மொழியின் அடிப்படை மெதுவாக மாறும், லைப்ரரிகள் வேகமாக மாறும். ஸ்வைகார்ட்டின் இரண்டாம் பதிப்பில் அடிப்படை அத்தியாயங்கள் இன்றும் அப்படியே ஓடும். ஆனால் பிரவுசரை இயக்கும் செலினியம் பகுதியிலும் பிடிஎஃப் பகுதியிலும் உள்ள கட்டளைகள் சில இன்றைய பதிப்புகளில் நீக்கப்பட்டுவிட்டன. இப்படி முட்டினால் உங்கள் தட்டச்சைச் சந்தேகித்து ஒரு மாலையை வீணாக்க வேண்டாம். புத்தகம் எந்தப் பதிப்பு லைப்ரரியைக் கேட்கிறது என்று பின்னிணைப்பில் பார்த்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டே நிறுவுங்கள். புதிய பதிப்புப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பயிற்சிகள் இருக்கின்றனவா? நிரலின் முழு வடிவம் இருக்கிறதா, துண்டு துண்டாகத்தான் இருக்கிறதா? பயிற்சியே இல்லாத புத்தகம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் முதல் புத்தகமாக உதவாது.

ஒரு பக்கத்தை வேலை செய்வது எப்படி

ஒரு அமர்வுக்கு 45 நிமிடம் போதும். அதில் வாசிப்பு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மீதி முழுவதும் கீபோர்டில். வாரத்துக்கு ஒரு நாள் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட ஐந்து நாள் 45 நிமிடம் உட்காருவது பலன் தரும். இடைவெளி விட்டால் அடைப்புக்குறியும் முக்காற்புள்ளியும் முதலில் மறக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் அதிலேயே நேரம் போகும்.

அந்த 30 நிமிடத்தில் என்ன செய்வது? ஸ்வைகார்ட்டின் புத்தகத்தில் வரும் எண்-ஊகிக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கணினி 1 முதல் 20 வரை ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும். உங்களுக்கு 6 வாய்ப்பு. ஊகம் குறைவா அதிகமா என்று மட்டும் சொல்லும். இருபது வரியை ஒட்டிய சிறிய நிரல்.

முதலில், ஓட்டுவதற்கு முன் வாய்ப்புகளை எண்ணும் லூப் வரியைப் பாருங்கள். அதில் ரேஞ்ச் (எண்களை வரிசையாகத் தரும் ஃபங்ஷன்) என்பதற்குள் 1, 7 என்று இருக்கும். 6 வாய்ப்புக்கு ஏன் 7? முடிவு எண் கணக்கில் சேராது என்பதால். இதைத் தாளில் எழுதி ஊகித்துவிட்டு ஓட்டுங்கள். பிறகு 7ஐ 6ஆக மாற்றி ஓட்டினால் ஐந்து வாய்ப்போடு முடிவதைக் காண்பீர்கள்.

அடுத்தது தட்டச்சு. காப்பி செய்து ஒட்டாதீர்கள். கையால் அடிக்கும்போது வரும் பிழைகள்தான் முதல் மாதத்தின் உண்மையான பாடம்.

நிரல் ஓடியபின் அதை வேண்டுமென்றே உடையுங்கள். நீங்கள் அடிக்கும் எண்ணை வாங்கும் வரியில் இன்ட் (எழுத்துச் சரத்தை முழு எண்ணாக்குவது) என்று இருப்பதை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். ஊகத்தைக் கேட்கும், நீங்கள் எண்ணை அடிப்பீர்கள், உடனே டைப்எரர் (வகைப் பிழை) வரும். காரணம், நீங்கள் அடிப்பதை வாங்கும் இன்புட் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும். நீங்கள் 10 என்று அடித்தாலும் அது எண் அல்ல, ஒன்று, சுழியம் என்ற இரண்டு எழுத்துகள். சரத்தையும் எண்ணையும் சிறியதா பெரியதா என்று ஒப்பிடப் பைதான் மறுக்கிறது. இப்போது பிழைச் செய்தி காட்டும் வரி எண்ணைக் கவனியுங்கள். அது ஒப்பிடும் வரியைக் காட்டும், நீங்கள் கெடுத்ததோ இன்புட் வரியை. பிழை வெடிக்கும் இடமும் அது பிறந்த இடமும் வேறு வேறு என்பதை இப்படி ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள், பிறகு தவறு இல்லாத வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு உடைப்பு: சரியான விடை வந்ததும் லூப்பை விட்டு வெளியேற்றும் பிரேக் என்ற சொல்லுக்குப் பதில் பாஸ் (எதுவும் செய்யாத கட்டளை) என்று போடுங்கள். வெறுமனே நீக்கினால் எல்ஸ் (‘இல்லையென்றால்’) பகுதிக்குள் ஒன்றுமே இல்லாமல் போய் இன்டென்டேஷன் (வரித் தொடக்க இடைவெளி) பிழை வரும். பாஸ் போட்டு ஓட்டினால், மூன்றாம் வாய்ப்பிலேயே சரியாகச் சொன்னாலும் கணினி தொடர்ந்து கேட்கும். ஆறாவதில் தவறாகச் சொன்னால் தோற்றதாக அறிவிக்கும், ஏனென்றால் கடைசியாகச் சொன்ன எண்ணைத்தான் அது சரிபார்க்கிறது. இங்கே பிழைச் செய்தியே கிடையாது, நடத்தை மட்டும் தவறு. இந்த வகைப் பிழையைத் தேட ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பார்ப்பதுதான் முதல் ஆயுதம்.

மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு அதே நிரலை நினைவிலிருந்து எழுதுங்கள். சிக்கினால் 20 நிமிடம் முயன்றபின் சிக்கிய வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். ஏஐ உதவியாளரிடம் கேட்பதற்கும் இதே விதிதான். பிழைச் செய்திக்கு அர்த்தம் கேளுங்கள், நிரலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். எழுதித் தந்ததைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமை வேறு, வெற்றுத் திரையில் தொடங்கும் திறமை வேறு. இந்தக் கட்டத்தில் வளர வேண்டியது இரண்டாவது.

கடைசிப் படி, விளையாட்டைத் தலைகீழாக்குவது. நீங்கள் எண்ணை நினைத்துக்கொள்ள, கணினி ஊகிக்கட்டும். ஒவ்வொரு முறையும் மீதமுள்ள வீச்சின் நடு எண்ணைக் கேட்டால் 1 முதல் 20 வரைக்கு அதிகபட்சம் 5 ஊகம் போதும். 1 முதல் 100 வரைக்கு 7. இதை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டால் பைனரி சர்ச் என்ற அல்காரிதத்தை (தீர்வு வழிமுறையை) பெயர் தெரியாமலே எழுதிவிட்டீர்கள். புத்தகத்தில் இல்லாத இந்தக் கடைசிப் படியை அத்தியாயத்துக்கு ஒன்றாவது செய்துவிடுங்கள்.

முதல் வாரத்தில் மறிப்பவை

விண்டோஸில் பைதானை நிறுவும்போது முதல் திரையிலேயே ‘பாத்’தில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், நிறுவியபிறகும் கமாண்ட் திரை பைதானைத் தெரியாது என்று சொல்லும். மறுபடி நிறுவியை ஓட்டிச் சரிசெய்யலாம்.

எண்-ஊகிக்கும் நிரல் ‘ராண்டம்’ என்ற லைப்ரரியைக் கொண்டுதான் எண்ணை நினைக்கிறது, உங்கள் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிடாதீர்கள். இம்போர்ட் செய்யும்போது (லைப்ரரியை நிரலுக்குள் கொண்டுவரும்போது) பைதான் தன் லைப்ரரிக்கு முன்பாக உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும், பிறகு ராண்டமுக்குள் அந்த ஃபங்ஷனே இல்லை என்று புலம்பும். டர்ட்டில் வரைகலைப் பயிற்சியிலும் இதே கதைதான்.

பிடிஎஃபிலிருந்து ஒட்டிய நிரலில் வரித் தொடக்க இடைவெளிகள் காணாமல் போயிருக்கும், மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். இரண்டையும் பைதான் ஏற்காது. புத்தகத்தில் வரியின் தொடக்கத்தில் மூன்று ‘பெரியது’ குறிகள் இருந்தால் அது திரை காட்டுவது, நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கோப்பின் நீட்சியை மறைத்து வைப்பதால் நோட்பேடில் சேமித்தது உண்மையில் டெக்ஸ்ட் கோப்பாகவே இருக்கக்கூடும். முதல் நாளே கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

கூடவே இரண்டு துணைப் புத்தகங்கள்

முதல் புத்தகம் பாதியைத் தாண்டியதும் கமாண்ட் லைனும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரை) ‘கிட்’ என்ற கருவியும் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைப்பது) தேவைப்படும். வில்லியம் ஷாட்ஸின் ‘த லினக்ஸ் கமாண்ட் லைன்’ இலவசமாகக் கிடைக்கிறது. முதல் 10 அத்தியாயங்களே இப்போதைக்குப் போதும். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) நிறுவிக்கொண்டு படிக்கலாம். ஸ்காட் சாக்கன், பென் ஸ்ட்ராப் எழுதிய ‘புரோ கிட்’ நூலும் இலவசமே. அதில் முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். முழுவதும் படிக்க உட்கார்ந்தால் முதல் புத்தகம் கைவிட்டுப் போகும்.

கணினிக்குள் என்ன நடக்கிறது

நிரல் எழுதத் தெரிந்தபின் ஒரு கேள்வி வந்தே தீரும்: மின்சாரம் ஓடும் கம்பிக்கு எப்படிக் கூட்டல் தெரிகிறது? இதற்குச் சார்லஸ் பெட்சோல்டின் ‘கோட்’ நூலைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. 1999இல் வந்தது, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 2022இல். டார்ச் விளக்கில் மோர்ஸ் அடிப்பதில் தொடங்கி, பிரெயில், தந்தி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), லாஜிக் கேட் (0, 1 உள்ளீடுகளிலிருந்து ஒரு விடை தரும் சுற்று), கூட்டும் சுற்று, நினைவகம் என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போய் முழுக் கணினியில் கொண்டு சேர்க்கும். கணினியே இல்லாமல் படிக்கக்கூடிய புத்தகம் என்பதால் முதல் புத்தகத்தோடு சேர்த்தே, இரவில் சில பக்கங்களாக, படிக்கலாம். மேலே சொன்ன துணைப் புத்தகங்களைத் தவிர, ஒரே புத்தகம் என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. நடுவில் சுற்றுகள் பெரிதாகும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே தாளில் வரைந்து, ஒவ்வொரு கம்பியிலும் 0 அல்லது 1 எழுதி, வெளியே என்ன வருகிறது என்று கைப்படப் பாருங்கள். இரண்டாம் பதிப்பின் இணையதளத்தில் அந்தச் சுற்றுகளை இயக்கியே பார்க்கலாம்.

கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நோம் நிசான், ஷிமோன் ஷாக்கன் எழுதிய ‘த எலிமென்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்’ உண்டு. 2005இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2021இல். 12 புராஜெக்ட்டுகள். முதலாவதில் நேண்ட் என்ற ஒரே ஒரு கேட்டைக் கொடுத்து, அதிலிருந்து 15 சிப்புகளைக் கட்டச் சொல்வார்கள். ஐந்தாவதில் முழுக் கணினி தயார். அதன் பிறகு அசெம்ப்ளர் (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தை 0, 1களாக்குவது), கம்பைலர் (உயர்நிலை மொழியை மொழிபெயர்ப்பது), சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரை. சிமுலேட்டர் இலவசம், உதிரிப் பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முதல் ஐந்துக்கு நிரலாக்க அனுபவம் தேவையில்லை. ஆறாவது புராஜெக்ட்டில் அசெம்ப்ளரை நீங்களே ஒரு மொழியில் எழுத வேண்டும். கோப்பை வரி வரியாகப் படித்து, சரத்தை வெட்டி, டிக்‌ஷனரியில் தேடத் தெரிந்தால் தயக்கமின்றி இறங்கலாம். தெரியாவிட்டால் ஐந்தோடு நிறுத்தி வைத்துவிட்டு முதல் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் புத்தகம்

நிரல் ஓடுகிறது, ஆனால் தரவு பெருகினால் நின்றுவிடுகிறது என்றால் ஆதித்யா பார்கவாவின் ‘குரோக்கிங் அல்காரிதம்ஸ்’. முதல் அத்தியாயமே பைனரி சர்ச் என்பதால், தலைகீழ் விளையாட்டை எழுதியவர்களுக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கும். படங்கள் நிறைந்தது, நிரல்கள் பைதானில். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பல்கலைக்கழக அல்காரிதம் பாடநூல்களை இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம். அவை நிரூபணங்களை மையமாகக் கொண்டவை, கணிதப் பின்னணியை எதிர்பார்ப்பவை.

ஏபல்சன், சஸ்மன் எழுதிய ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரட்டேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’ பலரும் முதல் புத்தகமாகப் பரிந்துரைப்பது. சிறந்த புத்தகம்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம் காண்பதும் வகைக்கெழுவும் வந்துவிடும். கணிதத்தில் வசதியாக இருப்பவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் புத்தகமாக எடுக்கலாம்.

நினைவகம், பாயின்டர் (நினைவக முகவரி), வேகம் என்ற பக்கம் ஈர்ப்பு வந்தால் கெர்னிஹான், ரிச்சி எழுதிய ‘த சி புரோகிராமிங் லாங்குவேஜ்’. 1978இல் வந்தது, இன்று படிக்க வேண்டியது 1988இல் வந்த இரண்டாம் பதிப்பு. முந்நூறு பக்கத்துக்கும் குறைவு, ஒரு சொல் வீணில்லை. ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்தவருக்காக எழுதப்பட்டதால் வேகம் அதிகம், பயிற்சிகளை விட்டுவிட்டால் ஒன்றும் நிற்காது. பழைய புத்தகம் என்பதால் இரண்டு இடத்தில் கம்பைலர் முரண்டு பிடிக்கும். மெயின் ஃபங்ஷனுக்கு முன் இன்ட் என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். இன்றைய கம்பைலர்கள் எச்சரிக்கும் அல்லது மறுத்தேவிடும், நீங்களே இன்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு வரியைப் படிக்க ‘கெட்லைன்’ என்ற ஃபங்ஷனை எழுதுவார்கள். அதே பெயரில் ஒன்று பின்னாளில் லினக்ஸ், மேக் கணினிகளின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் சேர்ந்துவிட்டதால் வகைகள் முரண்படுவதாகப் பிழை வரும். உங்கள் ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைத்து, அழைக்கும் இடங்களிலும் மாற்றினால் அப்படியே ஓடும்.